ஒரு சொட்டுகூட ஒழுகாத கூரை

"கூரை எப்படி இருக்கு?" என்று இந்த நாற்பது நாளில் தையலக்காவைக் கேட்காத ஆள் ஊரில் இல்லை. பால் வாங்கப் போனால் கேட்டார்கள். பேருந்துக்கு நின்றால் கேட்டார்கள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் இரண்டு கையையும் தூக்கி நின்ற வாக்கிலேயே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்கள். எல்லோருக்கும் அவளிடம் இருந்தது ஒரே பதில். "நல்லா இருக்கு, உங்க புண்ணியத்துல." சொல்லச் சொல்ல அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஏனென்றால் அந்தக் கூரை பதினோரு இடத்தில் ஒழுகியது.

பழைய கூரை ஒரு பெருங்காற்றில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. போகிற கூரை தனியாகப் போகக் கூடாதா? லாரியில் மூட்டை ஏற்றும் அவள் வீட்டுக்காரர் அதே வாரம் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். பட்ட காலிலே கட்டுப்போட்டுக்கொண்டு அவர் கட்டிலில் கிடக்க, தலைக்கு மேலே வானம் தெரிய, தையல் இயந்திரத்தைப் போர்வையால் மூடி வைத்துக்கொண்டு அவள் திகைத்து நின்றபோதுதான் கேப்டன் வந்தார்.

கேப்டன் என்றால் கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத மனிதர். ஊரில் யார் வீட்டுக் கூரை போனாலும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, தன் நீண்ட ஏணியோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்பார். சாயங்காலத்துக்குள் தகரம் போட்டு முடித்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். கூலி என்று யாராவது வாயெடுத்தால் அவர்களோடு ஒரு மாதம் பேசமாட்டார். இப்படிப்பட்டவரைப் பற்றி என்ன குறை சொல்வது? அங்கேதான் தையலக்காவின் கழுத்தில் கயிறு விழுந்தது.

அவளும் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லவில்லை. ஊருக்கென்று மாதம் ஒரு தாள் வரும். தபால்காரர் தானே எழுதி, அச்சடித்து, கடிதங்களோடு சேர்த்து வீடு வீடாகப் போடுவார். ஒரு பக்கம் 'நன்றி', மறுபக்கம் 'நடக்கவிருப்பவை'. போன வருஷத் தாள் ஒன்றில் சலூன்காரர் கேப்டனுக்கு நன்றி சொல்லியிருந்தார். 'ஒரு சொட்டுகூட ஒழுகாத கூரை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் தலையாட்டினாள்.

கூரை போட்ட மூன்றாம் நாள் தபால்காரர் அவளுடைய நன்றியையும் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கிப் பார்த்தால் அதே வரி.

"இன்னும் மழையே வரலையே" என்றாள்.

"வந்தா ஒழுகாதுல்ல? எழுதிக்கலாம். கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டாள். போட்டதுதான் தப்பு. அடுத்த வாரம் மழை வந்தது. முதலில் கட்டிலுக்கு மேல் ஒழுகியது. வீட்டுக்காரரைக் கட்டிலோடு இழுத்துச் சுவரோரம் போட்டால் அங்கேயும் ஒழுகியது. பாத்திரம், வாளி, ஊறுகாய் ஜாடி எல்லாம் தரையிறங்கின. தையல் இயந்திரம் மூன்று இடம் மாறி, கடைசியில் அடுப்படி வாசலில் குறுக்கே போய் நின்றது. இனி யாருக்காவது டீ வேண்டுமென்றால் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இதற்கு நடுவே பள்ளிக்கூடத்துச் சட்டைக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணியில் துருக்கறை விழுந்தது. எலுமிச்சை தேய்த்தாள், சோப்புத் தேய்த்தாள், கறை போகவில்லை.

பொறுக்கமாட்டாமல் டவுனுக்குப் போய் ஆணிக்கடையில் தார் கேட்டாள். கடைக்காரர் தாரை எடுக்கவில்லை. "ஆணியை எங்க அடிச்சிருக்காங்க? மேட்டுலயா, பள்ளத்துலயா?" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர் ஒரு தகரத் துண்டை எடுத்துக் காட்டினார். அலை அலையாக மேடும் பள்ளமும். "மேட்டுல அடிச்சா தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சு ஓடிடும். பள்ளத்துல அடிச்சா ஓடுற தண்ணி பூராவும் ஆணி ஓட்டையைத் தேடித்தான் வரும். இது கூரைக்காரன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே, யாரு போட்டது?"

"தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அத்தனை ஆணியும் பள்ளத்தில். வரிசை பிசகாமல், அளவெடுத்த மாதிரி, ஒன்றுகூட விடாமல் பள்ளத்தில்.

சரி, வேறு ஆளை விட்டுச் சரிசெய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கேப்டன் போட்ட கூரைமேல் இன்னொருவன் ஏறினால் அரைமணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். கேப்டனிடமே சொல்லலாம் என்றால் வீட்டுக்காரர் விடவில்லை. "சும்மா வந்து செஞ்சு குடுத்திருக்காங்க. அதுல போய்க் குத்தம் சொல்லுவியா? என் காலு இப்படிக் கிடக்கு. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு வருவா, சொல்லு."

அவர் பயப்பட்டதும் பொய்யில்லை. அதனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மேகம் கறுத்தால் பாத்திரத்தைப் பரப்புவதும், யாராவது கேட்டால் புண்ணியம் என்பதுமாக நாளைத் தள்ளினாள்.

இந்த மாதத் தாளின் 'நடக்கவிருப்பவை' பக்கம் வந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை நான்கு மணிக்கு ஊர்க்கூடத்தில் தேநீர்க் கூட்டம், கேப்டனுக்குப் பாராட்டு, நன்றியுரை தையலக்கா. அதற்கு அடுத்த வரி: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மருந்தகத்துக்குக் கூரை போடுதல், அனைவரும் வருக. நன்றியுரை என்று போடுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. உதவி வாங்கியவளின் வாய் ஊருக்குப் பொதுச்சொத்து போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நர்ஸம்மா வந்தாள். ஊருக்குப் புதிது. இரண்டு அறை மருந்தகத்தை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவள். வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவள், எல்லோரையும்போல அவளும் அண்ணாந்து பார்த்தாள். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில்.

"அழகாப் போட்டிருக்காங்கக்கா. டவுன்லேருந்து கூரைக்காரர் வர்றதா இருந்தார். உங்க நன்றியைப் படிச்சேன். அவரை வேண்டாம்னுட்டேன்."

தையலக்காவின் கையில் அளவுநாடா அப்படியே நின்றது. "மருந்தெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"பெட்டி பெட்டியா அந்தக் கூரைக்குக் கீழதான். பஞ்சு, ஊசி, பிள்ளைங்களுக்குப் போடுற மருந்து எல்லாம். ஏன்க்கா?"

"இல்ல, வந்து, இந்த ஆணி..."

கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அருமையான கூரை நர்ஸம்மா. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க."

நர்ஸம்மா வாசலைத் தாண்டியதும் தையலக்கா திரும்பினாள். "கண்ணை மூடிக்கிட்டா? நீங்க கண்ணை மூடினா இமை மேல சொட்டுது, அதைச் சொல்றதுதானே."

"நாம சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியணுமா?"

"நாம சொல்லித்தான் அவங்க ஏமாந்திருக்காங்க" என்றாள். அவர் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

சனிக்கிழமை ஊர்க்கூடம் நிறைந்துவிட்டது. வாத்தியார் தலைமை வகித்தார். முன்வரிசையில் கேப்டன், இஸ்திரி போட்ட சட்டையில், கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். நன்றியுரையையும் தபால்காரரே எழுதிக் கொடுத்திருந்தார். தையலக்கா எழுந்து படித்தாள். முதல் மூன்று வரி ஒழுங்காகப் போனது. நான்காவது வரியில் 'ஒரு சொட்டுகூட' வந்தது. அவள் நிறுத்தினாள்.

தாளைப் பார்த்தாள். நர்ஸம்மாவைப் பார்த்தாள். ஊன்றுகோலோடு நொண்டி வந்திருந்த வீட்டுக்காரர் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பதினோரு இடத்துல ஒழுகுது" என்றாள்.

டீக்கோப்பைகளின் சத்தம் நின்றது. கேப்டன் தன்னிடம்தான் சொல்கிறாளா என்பதுபோல நிமிர்ந்தார். "எங்க தங்கச்சி?"

"எங்கெல்லாம் ஆணி இருக்கோ அங்கெல்லாம். பள்ளத்துல அடிச்சிருக்கீங்க கேப்டன். மேட்டுல அடிக்கணுமாம்."

"பள்ளத்துலதானே தகரம் கட்டையில உக்காருது? அங்க அடிச்சாத்தானே பிடிக்கும்?"

"தண்ணியும் அங்கதான் ஓடுது."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தபால்காரர் எழுந்தார். "செஞ்ச உதவிக்கு இப்படியா சபையில வெச்சு..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பேக்கரிக்காரம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "எங்க வீட்டுல நாலு இடம். மாவு மூட்டையை மாத்தி மாத்தி என் இடுப்பே போச்சு."

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. வாத்தியார் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். "எனக்கு ஆறு" என்றார் மெதுவாக.

கேப்டன் எழுந்துவிட்டார். "வாத்தியாரே, உங்க வீடு நான் போட்ட முதல் கூரை. ஆறு வருஷம் ஆச்சு. மழை நாள்லகூட வந்து உங்ககூட டீ குடிச்சிருக்கேன். நான் ஒண்ணும் பாக்கலையே."

வாத்தியார் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க வர்றது ஜன்னல்ல தெரியும். வாளியை எடுத்து உள்ள வெச்சுடுவோம்."

அந்த வார்த்தை கேப்டனை அடித்தது. ஒழுகுகிறது என்று அவள் சொன்னபோது வராத வாட்டம் இப்போது அவர் முகத்தில் வந்தது. "அப்புறம் ஒம்பது கூரை போட்டிருக்கேன் வாத்தியாரே" என்றார். "முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒம்பதும் நல்லா இருந்திருக்கும்." கடிகாரத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

தையலக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது வருத்தமா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான். இரண்டாவது வரிசையில் சலூன்காரர் தரையில் எதையோ தொலைத்தவர்போலக் குனிந்திருந்தார்.

"போச்சு" என்றார் வீட்டுக்காரர், வரும் வழியெல்லாம். "இனிமே நம்ம வாசல்ல ஒருத்தன் வந்து நிக்கமாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஏணி உரசும் சத்தம் கேட்டது. கேப்டன். கூட ஏழெட்டுப் பேர் இல்லை, ஒருவருமில்லை. ஏணியின் ஒரு முனையைத் தோளிலும் மறுமுனையைச் சைக்கிளிலும் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"மருந்தகத்துக்கு டவுன் ஆளையே வரச்சொல்லிட்டேன்" என்றார். "பழைய ஓட்டையை எல்லாம் அடைக்கணும், அப்புறம் மேட்டுல அடிக்கணும். ரெண்டு நாள் ஆகும். ஏணியைப் பிடிக்க ஆள் இருக்கா?"

அவள் பிடித்தாள். பிடித்துக்கொண்டே நின்றால் பள்ளிக்கூடத்துச் சட்டைகளை யார் தைப்பது? வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் வாசலுக்கு வந்து தானும் பிடிப்பதாகச் சொன்னார். கேப்டன் ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் நடுக்கமுமாக ஏறி நாலு ஆணியைப் பிடுங்குவதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை. அறுபத்தைந்து வயது மனிதர். இவர் கையால் கூரை வாங்கிய பத்து வீடு ஊரில் இருக்கிறது. டீ குடிக்க அத்தனை பேர் வந்தார்கள், ஏணி பிடிக்க நாதியில்லை. "கேப்டன், இறங்கி உக்காருங்க, இப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

சலூன் திறந்திருந்தது. வாடிக்கையாளர் யாருமில்லை. சலூன்காரர் சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன் தனியா ஏறியிருக்கார். வாங்க" என்றாள்.

"நான் எப்படிக்கா வருவேன்? அவர் முகத்தை நான் எப்படிப் பாக்கிறது?"

"முகத்தை யாரு பாக்கச் சொன்னா? அவர் மேல இருப்பார். நீங்க கீழ ஏணிக் காலைப் பிடிச்சா போதும். நீங்க கையெழுத்துப் போட்டதைப் படிச்சுட்டுத்தான் நான் நாற்பது நாள் வாளியோட குடும்பம் நடத்துறேன். நடங்க."

அவர் துணியை மேசைமேல் போட்டுவிட்டு நடந்தார். வழி நெடுகத் தலை நிமிரவில்லை. வந்து ஏணியைப் பிடித்தவர், அதன் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார். தையலக்கா உள்ளே போய் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். மேலே கேப்டன் ஏறும் சத்தம், ஆணி பிடுங்கும் சத்தம்.

"கீழ யாரு?" என்று கேப்டன் கேட்டார்.

"சலூன்காரர்" என்று அவள்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"உங்க கடையில எத்தனை இடம்?"

"அதெல்லாம் பரவாயில்ல கேப்டன், ஏதோ ரெண்டு மூணு..." என்று இழுத்தார் சலூன்காரர். அப்படியே நிறுத்தினார்.

"எட்டு" என்றார்.