பாலிஷ் போட்ட பக்கம்

பல் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்கள் மரப் பட்டறைக்குத் திரும்பி வந்த நாளில்தான் என் கணவரும் கொழுந்தனும் தங்களுக்குள் பேச்சை நிறுத்தினார்கள். மேல்பலகை நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நின்றது. "மரம் காயறதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கான்" என்றார் இவர். "மேல மட்டும் பாலிஷ் போட்டுட்டு அடியில சும்மா விட்டா ஈரம் ஏறாதா?" என்றான் அவன். பலகையை ஒட்டியது அவன், பாலிஷ் போட்டது இவர். இரண்டையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து நான்தான் தூது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே "உளியை வாங்கிக் குடு" என்பார் இவர். "இந்தாங்க அண்ணி" என்று அவன் என்னிடம் நீட்டுவான். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. தேய்த்ததைவிட உளி சுமந்ததுதான் அதிகம். கூடப் பிறந்தவனோடு பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்ன?

டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கே மேசை வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லை. பலகையை நீளவாக்கில் பட்டை பட்டையாக அறுத்து, ஒவ்வொன்றையும் இழைத்து, ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டி மறுபடி ஒட்ட வேண்டும். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அதையும் என் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று காலையிலிருந்தே மழை. தகரக் கூரை இரைந்தது, மரத்தூள் ஈரமாகிக் காலில் ஒட்டியது. வட்ட ரம்பம் ஓடும் மேசையில் நின்று அறுப்பவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்னொரு முறை ரம்பம் கவ்வித் தூக்கி எறிந்த கட்டை போய்க் குத்திய இடம். நான் அந்தப் பக்கம் பார்ப்பதேயில்லை. அன்று என்னவோ கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

இவர் பலகையைத் தூக்கி ரம்ப மேசையில் வைத்தார். பாலிஷ் போட்ட பக்கம் மேலே. தன் பாலிஷில் ஒரு கீறல் விழக்கூடாது இவருக்கு. ஆனால் குழி அந்தப் பக்கம்தான். அதனால் கீழே வயிறு தள்ளிக்கொண்டு, பலகை தொட்டில் ஆடுவது போல ஆடியது.

கொழுந்தன் பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கீழே வைத்தான். "அண்ணி, திருப்பிப் போடச் சொல்லுங்க. ரெண்டு ஓரமும் கீழ படியணும். இப்படி அறுத்தா ரம்பத்தைக் கவ்விக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே நான் யாருக்கும் தூது போறதா இல்ல. உனக்கு வாய் இருக்குல்ல, நீயே சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, எதையோ தேடுவது போலக் குனிந்தான். பலகை மறுபடியும் ஆடியது. என் ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ.

"ஏங்க, திருப்பிப் போடுங்களேன். கவ்விக்குமாம்."

"யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொல்ற பேச்சா இது?" இவர் தம்பியின் முதுகைப் பார்த்தார். "அவனுக்கு வாயில்லையா? வந்து என்கிட்ட சொல்லட்டும், திருப்பிப் போடறேன்."

சுவிட்சைப் போட்டார்.

ரம்பம் முதலில் நன்றாகத்தான் அறுத்தது. பாதி தாண்டியதும் சத்தம் மாறியது. தீய்ந்த வாடை வந்தது. அறுத்த பிளவு மெல்ல மூடிக்கொள்வதை நானே பார்த்தேன். இவரும் பார்த்திருப்பார். ஆனாலும் கையை எடுக்கவில்லை, இன்னும் அழுத்தினார். நான் சுவிட்சை நோக்கி ஓடினேன்.

"அண்ணே!"

மழையையும் ரம்பத்தையும் மீறி அந்தக் குரல் வந்தது. இவர் திரும்பினார். ரம்பத்திலிருந்து கண்ணை எடுத்து, முழு முகத்தையும் தம்பியின் பக்கம் திருப்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

பலகை துள்ளிப் பின்னால் பாய்ந்தது. அதை அழுத்தியிருந்த வலது கை முன்னால் ரம்பத்தின் மேல் சரிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டு போட்டு முடித்து என்னை உள்ளே விட்டார்கள். பாலிஷ் துணியைப் பிடிக்கும் விரல்கள் இரண்டும் இல்லை. நான் அழுதேன். இவர் மருந்து மயக்கத்தில் இருந்தார்.

"அவன் கூப்பிட்டான்" என்றார். "கேட்டியா நீ?"

"கேட்டேன்."

"அண்ணேன்னு கூப்பிட்டான்."

கதவருகே கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். புருவத்தில் மரத்தூள், சட்டையெல்லாம் அண்ணன் ரத்தம். "உள்ள வாயேன்" என்றேன். அவன் நகரவில்லை. இரண்டு எட்டு வைத்தால் கட்டில்.

"அண்ணி, ரொம்ப வலிக்குதான்னு கேளுங்க" என்றான்.

கட்டிலில் இவர் முகம் சுருங்கியது. கூரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்லைன்னு அவன்கிட்ட சொல்லு."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். "இல்லையாம்" என்றேன்.