கஜலட்சுமியின் திருகாணிப் பற்கள்

கலஹாவுக்குப் போகும் பஸ் ஒரு மலை வளைவில் சட்டென்று பிரேக் போட்டதில், கஜலட்சுமியின் முகம் முன்னிருக்கைக் கம்பியில் மோதி மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போயின. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து அவள் ஓய்வுபெற்றிருந்த புதிது.

முதலில் கழற்றி மாட்டும் பல் செட்டைத்தான் கட்டிக்கொண்டாள். கோயில் கூட்டத்தில் எழுந்து, திருவிழாச் செலவைப் பற்றிக் கேட்கும்போது அது நழுவித் தரையில் விழுந்தது. ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

"மொதல்ல பல்லப் பொறுக்கும்மா, பெறகு கேள்வி கேக்கலாம்" என்றார் கோயில் தலைவர்.

கஜலட்சுமி குனியவில்லை. பொக்கை வாயாலேயே கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் பல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பல் செட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

தாடை எலும்பிலேயே திருகாணி இறக்கி, அதன்மேல் பல் பொருத்துவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, கண்டியில் ஒரு பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் ஜஹானா செலவைச் சொன்னதும், கூட வந்த மகன் மோகனராஜ் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். தோட்டத்தில் உழைத்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமலாபப் பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

"இந்த வயசுல ஒனக்கு எதுக்கும்மா இது? அந்தக் காசுல வீட்டுக்கு ஒரு அறை எடுத்துக் கட்டிறலாம்."

"அறைக்கு நீ சம்பாரி. இது நான் சம்பாரிச்சது, என் வாய்க்கு."

"வலிக்கும்மா" என்றார் டாக்டர். "எலும்போட ஒட்ட மாசக்கணக்காகும். சிலருக்கு ஒட்டாமலும் போயிரும்."

"போடுங்க டாக்டர்."

ஊசி போட்டதால் துளைக்கும்போது வலி தெரியவில்லை. மண்டைக்குள் ஓர் அதிர்வுதான். திரும்பும்போது பஸ் பேராதனையைத் தாண்டுவதற்குள் மரமரப்பு விட்டுப்போய், வலி காதுவரை ஏறியது. மறுநாள் மேலுதடும் கன்னமும் வீங்கிக் கண்ணை இடித்தன. கஞ்சியும் குழைந்த சோறும்தான் சாப்பாடு. மருமகள் சர்மிளா, புருஷன் முறைப்பதைக் கண்டுகொள்ளாமல், துவாயில் ஐஸ் சுற்றிக் கொடுத்தாள்.

வீக்கம் வற்றியது. தையல் பிரித்தார்கள். சில வாரங்களில் ஒரு திருகாணி நாக்கு பட்டாலே ஆடத் தொடங்கியது.

"நான்தான் சொன்னேன்ல" என்றான் மோகனராஜ்.

கஜலட்சுமி எழுந்து உள்ளே போனாள். குளிக்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

டாக்டர் அதைக் கழற்றி எடுத்தார். புண் ஆறியதும் மறுபடி பதிக்கலாம், கூலி வேண்டாம், சாமான் விலை மட்டும் போதும் என்றார். "இல்ல, இதோட விட்டுறலாம்னாலும் சரிதான். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒன்னுமில்ல. திரும்பவும் தொளைங்க."

மிச்சமிருந்த சேமலாபத்தில் கை வைக்க மனமில்லாமல், பக்கத்துச் சிறுதோட்டக்காரரிடம் நாள்கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். சாமான் விலை அதில் தேறியது. மறுபடி ஊசி, மறுபடி வீக்கம், மறுபடி கஞ்சி. இந்த முறை எலும்பு பிடித்துக்கொண்டது.

பற்கள் பூட்டிய நாளில் சர்மிளாதான் துணைக்கு வந்தாள். மோகனராஜுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீராவிட்டால் போகிறது என்று இருந்தாள் கஜலட்சுமி. பேராதனையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவித்த சோளக்கதிர் ஒன்று வாங்கி, முன்பற்களால் ஒரு வரிசையைக் கடித்து இழுத்தாள். புதுப் பல்லைச் சுற்றி ஈறு சுள்ளென்றது. பக்கத்தில் நின்ற ஆள் வாயையே பார்த்தான். அவனைப் பார்த்து, வாயைப் பொத்தாமல், பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

"வலிக்கலயா மாமி?" என்றாள் சர்மிளா.

"வலிக்குது" என்றாள் கஜலட்சுமி. "இன்னொன்னு வாங்கு."