நேர்ந்துவிட்ட டீச்சர்

கோழி வளர்ப்பதில் உள்ள இன்பங்களைப் பற்றி விஜேந்திரனிடம் கேட்டால் பொழுது போவது தெரியாமல் சொல்லுவான். அவன் மனைவி கலாராணியிடம் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவர்களுடையது. கலாராணி கொழுந்து எடுக்கிறாள். விஜேந்திரனுக்குத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை. ஒரே மகள் சிவசக்தி பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்து அங்கேயே அறையெடுத்துத் தங்கிவிட்டாள். மகள் போன பிறகு, வேலைவிட்டு வரும் மனுசனைக் கண்டு ஓடிவர வீட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது. கலாராணி எப்போதாவது ஓடிவருவாள்தான். ஆனால் அது காஸ் முடிந்துவிட்டது என்று சொல்வதற்காக இருக்கும். காலியாகக் கிடந்த அந்த இடத்தைத்தான், மகள் இருக்கும்போதே வீட்டைச் சுற்றித் திரிந்த பழுப்பு நிறப் பெட்டைக்கோழி ஒன்று பிடித்துக்கொண்டது.

அந்தக் கோழி தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல எல்லாரையும் பார்க்கும். ஆகையால் அதற்கு டீச்சர் என்று பெயர் வைத்தான்.

டீச்சருக்கு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு கூடை. கூடைக்குள் விஜேந்திரனின் கம்பளிச் சட்டை. அதுவரை அதைப் போட்டுக்கொண்டிருந்த விஜேந்திரன் இப்போது பனியில் நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போவான். கலாராணிக்குக் காய்ச்சல் கண்டபோது, "பனடோல் ஒண்ணப் போட்டுட்டுப் படு" என்று வைத்தியம் சொன்னவன், டீச்சர் ஒருநாள் இரண்டு தடவை தும்மியதும் லீவு போட்டு, பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பசறைக்குப் போய்க் கால்நடை வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தான்.

இத்தனை உபசாரத்துக்கும் டீச்சர் முட்டை ஏதும் இடுகிறதா என்று கேட்பீர்கள். கலாராணியும் கேட்டாள்.

"டீச்சர்னா பென்சன் எடுக்கக் கூடாதா?" என்றான் விஜேந்திரன்.

அடுத்த காம்பரா கருப்பம்மாவுக்கு வேறு விதமான இன்பம். லயத்துக்குப் பின்னால் அவள் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியில், விதை ஊன்றிய அன்றே டீச்சர் போய்விடும்.

"தம்பி, ஒங்க டீச்சர் நம்ம பாத்தியில பாடம் நடத்துது. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

"வாயில்லா ஜீவங்க்கா அது."

"வாயில்லாமத்தான் அம்புட்டு வெதையையும் முழுங்குச்சாக்கும்!"

இப்படிச் சண்டையும் சமாதானமுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தபோது, தைப்பொங்கலுக்குக் கலாராணியின் தம்பி கிருஷ்ணராஜ் வந்து இறங்கினான். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பவனுக்குப் பசி எப்படி வருகிறதென்று தெரியாது, ஆனால் வரும். பையைக் கீழே வைக்கும் முன்னமே டீச்சரைக் கண்டுவிட்டான்.

"மச்சான், நாட்டுக்கோழிதானே? கொழும்புல கோழின்னு சொல்லி ரப்பரத் திங்கக் குடுக்கிறானுங்க. கழுத்துல எம்புட்டுச் சதை பாருங்க!"

"அது சதை இல்ல, எறகு" என்றான் விஜேந்திரன்.

கலாராணி இப்படி ஒரு விருந்தாளிக்காக எவ்வளவு காலம் காத்திருந்தாளோ, உள்ளே போய் மல்லியும் மிளகும் எடுத்து அம்மியில் வைத்துவிட்டாள். அம்மி ஓடும் சத்தம் கேட்டதும் விஜேந்திரன் பேரம் பேசத் தொடங்கினான். பிரியாணிக்குக் காசு தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். பசறைக்குப் போய் இறைச்சி வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். தம்பி, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்துவிட்டான்.

"அத வெட்ட முடியாது மாப்ள. அது முனியாண்டிக்கு நேந்துவிட்ட கோழி."

அம்மி நின்றது. கலாராணி கையில் மசாலாவோடு வெளியே வந்தாள்.

"எப்ப நேந்தீங்க?"

"சிவசக்திக்கு வேல கெடைக்கணும்னு. கெடச்சிருச்சுல்ல."

"சாமிக்குச் சேவலத்தானே நேந்துவிடுவாங்க? பெட்டக்கோழியவா?"

"அவசரத்துல நேந்துக்கிட்டது. கையில இருந்தது இதுதான்."

கலாராணி மசாலாக் கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிக்குரிய கோழியைக் கண்டபடி ஏசியதற்கெல்லாம் அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டாள். கிருஷ்ணராஜ் கத்தியை வைத்துவிட்டுப் பருப்போடு சாப்பிட்டான். விஜேந்திரனுக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே வியப்பாக இருந்தது.

அந்த மூளை ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கவில்லை. நேர்த்தி என்பது கோழியைச் சுற்றிப் போடும் வேலி என்று அது நினைத்துக்கொண்டது. நேர்ந்த பொருளை வாங்கிக்கொள்ளச் சாமிக்கும் ஒரு நாள் வரும் என்பது அதற்கு எட்டவில்லை. கலாராணிக்கு எட்டியது. மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியிலேயே, பூசாரி வீரய்யாவிடம் விபரத்தைச் சொல்லிவிட்டாள். அன்று பின்னேரம் வீரய்யா மஞ்சள் கயிற்றோடு வந்து டீச்சரின் காலில் கட்டினார்.

"மாசித் திருவிழாவுக்கு மறுநாள் முனியாண்டி பூச. கோழியக் கழுவிக் கொண்டாந்துருங்க."

"பூசாரி மாமா, கோழி கொஞ்சம் கெழடு. பசறையில பர்ஹான் கடையில நல்ல சேவலா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அதக் குடுத்துட்டா?"

"சாமிகிட்ட ஒண்ணக் காட்டிட்டு இன்னொண்ணக் குடுக்கிறதுக்கு இது என்னா எலக்சனா?" என்றார் வீரய்யா.

அன்றைக்கு விஜேந்திரன் சாப்பிடவில்லை. டீச்சர் வழக்கம்போலச் சாப்பிட்டது. கூடைக்குள் ஏறி, அவனை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனையோ முறை அசடு வழிந்திருக்கிறான். இந்த முறை அவனால் பார்வையைத் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், சொன்ன மறுநிமிடம் அது சாமிக்கோழி இல்லை, வெறும் கோழி. வெறும் கோழிக்குக் கலாராணி வீட்டில் என்ன கதி என்று அவனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் முனியாண்டி.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டான். பூசையில் உயிரை வெட்டுவதற்கு முன் பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். ஆடோ கோழியோ உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாத உயிரின் மேல் எந்தப் பூசாரியும் கத்தி வைக்க மாட்டார். தண்ணீர் பட்டால் சிலுப்பாத கோழி உலகத்தில் உண்டா? இல்லை. அப்படியானால் ஒன்றை உண்டாக்க வேண்டியதுதான்.

மறுநாளே பாடம் தொடங்கியது. விடியற்காலையில் லயத்துக்குப் பின்னால் டீச்சரைக் கல்லின் மேல் நிறுத்தி, தலையில் தண்ணீர் தெளிப்பான். டீச்சர் சிலுப்பும், அவன் முகம் நனையும். மறுபடி தெளிப்பான். மறுபடி நனைவான். ஒருநாள், சோம்பலாலோ என்னவோ, டீச்சர் சிலுப்பாமல் நின்றது. உடனே வறுத்த கச்சான் கடலை ஒன்றைக் கொடுத்தான். கச்சானுக்கும் சிலுப்பாமைக்கும் உள்ள சம்பந்தத்தை டீச்சர் புரிந்துகொள்ளக் கொஞ்சம் காலமானது. புரிந்துகொண்ட பிறகு அது நின்ற நிலையைப் பார்க்க வேண்டும்! முழுச் செம்பையும் ஊற்றினாலும் பதுளை மணிக்கூட்டுக் கோபுரம் மழையில் நிற்பது மாதிரி நின்றது.

"என்னா தம்பி, தெனமும் அபிசேகமா?" என்று கேட்டாள் கருப்பம்மா.

"சாமிக்குப் போற கோழிக்கா. சுத்தமா இருக்கணும்ல."

இதைக் கேட்ட கலாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. புருசனுக்கு இவ்வளவு பக்தி இருக்கிறதென்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பூசை நாள் வந்தது. கிருஷ்ணராஜும் லீவு போட்டு வந்துவிட்டான். வெட்டிய கோழிகளை முனியாண்டி மரத்தடியிலேயே சமைத்து எல்லாருக்கும் போடுவார்கள் என்பது அவன் கொழும்பிலிருந்து கிளம்பும்போதே விசாரித்துக்கொண்ட செய்தி. தப்பு மேளம் முழங்கியது. மற்ற வீட்டுச் சேவல்கள் ஒவ்வொன்றாக வந்து, தண்ணீர் பட்டதும் மரியாதையாகச் சிலுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தன. அடுத்தது டீச்சர்.

வீரய்யா வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். டீச்சர் நின்றது. இன்னும் நன்றாகத் தெளித்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டது. செம்பைக் கவிழ்த்து ஊற்றினார். அலகில் வழிந்த தண்ணீரை ஒரு சொட்டுக் குடித்துவிட்டு, டீச்சர் தலையைச் சாய்த்துக் கச்சானைத் தேடியது. விஜேந்திரன் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். உள்ளே அவனுக்கு இன்னொரு தப்பு முழங்கியது.

"உத்தரவு இல்ல" என்றார் வீரய்யா. தப்பு நின்றது. "கோழியில குத்தம் இல்ல. நேர்த்தி வச்ச வீட்டுல குறை இருக்கு."

விஜேந்திரன் இதை எதிர்பார்க்கவில்லை. கூட்டம் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது போலிருந்தது. அந்த வீட்டுக் குறைகளில் ஆளுக்கொன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"எம் போஞ்சி சாபம் சும்மா விடுமா?" என்றாள் கருப்பம்மா.

கலாராணி மட்டும் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. "புள்ளைக்கு வேல கெடச்சதுக்கு வச்ச நேர்த்தி. அதையே சாமி வேணாங்குதுன்னா, அந்த வேல அவளுக்கு ஆகாது" என்று முணுமுணுத்தபடி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"என்னா பண்ற கலா?"

"சிவசக்திய இப்பவே வேலய விட்டுட்டு வரச் சொல்றேன். இனி ஒருநாளும் அங்க நிக்க வேணாம்."

எவ்வளவு ஆசைப்பட்டுப் போன வேலை அது. மகள் முதல் சம்பளத்தில் அவனுக்குச் சட்டை எடுத்து வந்த நாள் விஜேந்திரனுக்கு நினைவு வந்தது. போன் மணி அடிக்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. டீச்சரைப் பார்த்தான். டீச்சர் இன்னமும் நனைந்துகொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே, அசையாமல் நின்றது.

"போன வை கலா. நான் நேந்துக்கவே இல்ல."

"என்னா?"

"கோழியக் காப்பாத்தச் சொன்ன பொய்யி. நேர்த்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. புள்ள வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அதைக் கேட்டு முதலில் கணக்குப் பார்த்து முடித்தவன் கிருஷ்ணராஜ்தான்.

"அப்ப இது சாமிக்கோழி இல்லையா மச்சான்? அட, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!" என்று டீச்சரின் இறக்கையைப் பிடித்தான்.

"கைய எட்றா!"

கத்தியவள் கலாராணி. போனை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏங்க்கா, நேந்துவிடாத கோழிதானே?"

"சாமி முன்னுக்குக் கொண்டாந்து நிறுத்தி, சாமியே வேணாம்னு ஒதுக்கினது. அத நீ திங்கப் போறியா? அம்புட்டுத் தண்ணி ஊத்தியும் அது அசையல. தின்னு பாரு, ஒன் வயித்துக்குள்ளயும் போயி அசையாம நிக்கும்!"

கிருஷ்ணராஜ் இறக்கையை விட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வீரய்யாவின் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "பாத்தீங்களா? பொய் நேர்த்தின்னு சாமிக்குத் தெரிஞ்சிருக்கு! அதான் உத்தரவு குடுக்கல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. உண்மை சொல்வதற்கும் ஓர் அளவு உண்டல்லவா? கச்சானைப் பற்றி விஜேந்திரன் வாயே திறக்கவில்லை. அவனும் கும்பிட்டான்.

"ஆனா பொய்க்குத் தண்டன உண்டு" என்று வீரய்யா அவன் பக்கம் திரும்பினார். "கோழியச் சாட்டிப் பொய் சொன்ன வாயி. அடுத்த வருசப் பூச வரைக்கும் அந்த வாயில கோழிக்கறி படக் கூடாது."

விஜேந்திரனின் அன்பெல்லாம் டீச்சர் ஒன்றின் மேல்தான். மற்றக் கோழிகளைப் பற்றி அவனுக்கு அப்படி ஒரு கருத்தும் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் கால் துண்டு வரும்வரை இலையை மூடாத ஆள் அவன். தண்டனையைக் கேட்டு அவன் விட்ட பெருமூச்சை, மனம் திருந்தியதன் அடையாளம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

மத்தியானம் மரத்தடியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மற்ற வீட்டுச் சேவல்கள், மிளகும் இஞ்சியும் தட்டிப்போட்ட குழம்பாகி, ஆவி பறக்க வந்தன. கலாராணி, தம்பி இலையில் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். புருசன் இலைக்கு வந்தபோது பூசணிக்காய்க் கறியை வைத்தாள்.

"நான் ஒரு வருசம் ஒங்க கோழிய ஏச மாட்டேன். நீங்க ஒரு வருசம் இதத் தின்னுங்க" என்றாள்.

"மச்சான், கொழம்பு பட்ட சோறாவது...?" என்று கிருஷ்ணராஜ் ஒரு எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

"சாப்பிடு மாப்ள. பேசாமச் சாப்பிடு."

விஜேந்திரன் மடியிலிருந்த டீச்சரைத் தடவிக் கொடுத்தான். ஈரம் இன்னும் காயவில்லை. இந்த உயிருக்காக ஊர் முன்னால் அவமானப்பட்டதும், ஒரு வருசத்துக் கறியை இழந்ததும் ஒன்றும் பெரிதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பூசணிக்காயைப் பிசைந்தான்.

டீச்சர் பூசணிக்காயை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பிறகு அவன் மடியிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து கிருஷ்ணராஜின் இலைக்குப் போய், குழம்பு ஊறிய சோற்றைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது.