முகங்காட்டான்

தக்ஷிகா வாகனத் தரிப்பிடத்தை ஏழாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். வலக்கையில் அப்பாவின் போன் இருந்தது. கையுறையோடு தொட்டால் திரை மதிக்காது என்பதால் அந்தக் கை வெறுங்கையாகவே குளிரில் விறைத்துப்போயிருந்தது. மருத்துவமனையின் நான்காம் மாடியில், கதவைப் பார்த்த கட்டிலில், அப்பா மாமாங்கம் படுத்திருந்தார். அவர்தான் அவளை அனுப்பியவர்.

"எவ்வளவு கிடக்கு?" என்று மத்தியானம் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மனிதர் தன் ஆயுளைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள். குடும்ப நண்பர் இராஜரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி தக்ஷிகாவுக்கு மட்டும் விளங்கியது. குனிந்து அவருடைய காதுக்குள் சொன்னாள்.

"மூண்டு கிலோமீற்றர், அப்பா."

"நடந்து முடிச்சிட்டு வா. பாத்திட்டுப் போவம்."

கதை எட்டு வருடத்துக்கு முந்தியது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததும் டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நட என்றால் கார்ச் சாவியைத் தேடுகிற மனிதர் அவர். பத்தொன்பது வயதுத் தக்ஷிகா அவருடைய போனில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்தாள். தெருவில் நடந்தால் போனில் விதவிதமான விசித்திரப் பிராணிகள் தோன்றும், பிடித்துச் சேர்க்கவேண்டும். அவளுக்கு ஒரு கோடைக்குள் அது அலுத்துவிட்டது. அப்பா விடவில்லை. ஸ்காபரோவில் அவர்கள் வீடிருந்த மல்வேர்னில் அவர் கால் படாத நடைபாதை இல்லை. பிறம்ரன் வெயர்ஹவுசில் வேலை செய்யும் நாட்களில் சாப்பாட்டு நேரத்தையும் நடந்தே தீர்த்தார்.

நானூறு பிராணிகளுக்கு மேல் பிடித்தார். ஆனால் கூட நடக்க அவர் தெரிந்தெடுத்தது ஒன்றைத்தான். அந்த விளையாட்டிலேயே அவலட்சணமானது அதுதான். நாய்க்குட்டி அளவு, சாம்பல் நிறம், முதுகெல்லாம் பாசி. மற்றவை குரைக்கும், பாடும், குட்டிக்கரணம் போடும். இது முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடக்கும், அவ்வளவுதான். திரையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுவும் சேர்ந்து திரும்பி முதுகையே காட்டும். கூட நடப்பவர் பத்தாயிரம் கிலோமீற்றரை முடித்தால் ஒரேயொரு தடவை திரும்பி முகத்தைக் காட்டும் என்பது விளையாட்டின் விதி. பார்த்தவர்கள் என்ன கண்டோம் என்று சொல்வதில்லை. படமெடுத்தால் கறுப்பாகத்தான் வருமாம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகம் என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்பா அதற்கு முகங்காட்டான் என்று பெயர் வைத்தார்.

"இவ்வளவு காலம் ஒருத்தன் எனக்கு முன்னால போறான். ஆரெண்டு பாக்காம விடலாமே?" என்பார்.

அம்மா இராசமணிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "கலியாணம் கட்டி முப்பது வருசம். என்னோட ஒருநாள் கடைக்கு நடந்து வந்த மனிசனில்லை. உந்தப் பிசாசோட பத்தாயிரம் கிலோமீற்றர் நடக்கிறார்!"

எட்டாம் சுற்றில் இன்னும் 612 மீற்றர் என்று காட்டியது. தக்ஷிகா வேகத்தைக் கூட்டினாள். பத்து அடி வைத்திருப்பாள், இலக்கம் அசையவில்லை. போனை உயர்த்திப் பார்த்தாள். முகங்காட்டான் நின்றுவிட்டது. அவள் நடந்துகொண்டிருந்தாள், அது நின்றது. எட்டு வருடத்தில் அப்படி நடந்ததாக அப்பா சொன்னதில்லை. அது ஒரு காலைத் தூக்கி, வைக்காமல், யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல் தலையைச் சற்றுச் சரித்தது. உடனே போன் அடித்தது. திரையில் 'இராசி' என்று விழுந்தது. அம்மாவின் பெயரை அப்பா அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார்.

"எங்க நிக்கிறாய்? மேல வா" என்றாள் அம்மா. குரலில் அழுகை இல்லை. அதனாலேயே தக்ஷிகாவுக்கு விளங்கிவிட்டது.

மேலே போனபோது தாதி திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தாள். அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அம்மா அவருடைய காலைப் பிடித்தபடி இருந்தாள்.

"கதவைப் பாத்துக்கொண்டே கிடந்தவர். எங்கயடி போனனி?"

அப்பாதான் அனுப்பினார் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி யாரைக் குற்றவாளியாக்குவது? தக்ஷிகாவுக்குக் கோபம் வந்தது, செத்துக் கிடக்கிற அப்பாமேல்தான் வந்தது. கடைசி மணித்தியாலத்தில் பக்கத்தில் இருக்கவேண்டியவளைத் தரிப்பிடத்தில் நடக்கவிட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் காலை குசினி மேசையில், சார்ஜரில், போன் கிடந்தது. பழக்கதோஷத்தில் திறந்து பார்த்தாள். இன்னும் 480 மீற்றர் என்றிருந்தது.

"அம்மா, அப்பான்ர போனை எடுத்தனீங்களே?"

"நான் ஏன் அதைத் தொடுறன்?"

கட்டடத்துக்குள் கிடக்கும் போனுக்குச் சிக்னல் தடுமாறி, கிடந்த இடத்திலேயே நடந்ததாகக் கணக்குக் காட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதுதான் என்று மனதை ஆற்றிக்கொண்டு, நடந்த பாதையைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தாள். சிக்னல் தடுமாறினால் கோடு கோழி கிளறியதுபோல் இருக்கும். இது அப்படி இல்லை. வீட்டு வாசலில் இருந்து நேராக இறங்கி, நடைபாதையை விட்டு விலகாமல், சந்தி விளக்கடியில் மட்டும் தெருவைக் கடந்து, அப்பா வேலைக்குப் பஸ் ஏறும் தரிப்புக்குப் போய் நின்று திரும்பியிருந்தது.

வியாழக்கிழமை 300. வெள்ளிக்கிழமை 121. போன் மேசையை விட்டு அசையவேயில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதன் பக்கத்திலேயே தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

செத்தவீடு ஞாயிற்றுக்கிழமை. இந்தப் போக்கில் போனால் முகங்காட்டான் சனிக்கிழமையே திரும்பிவிடும், ஆளில்லாத குசினியில், பாண் வாட்டும் மெஷினைப் பார்த்து. தக்ஷிகாவுக்கு அதை நினைக்கவே தாங்கவில்லை. செத்தவர் பார்க்கமாட்டார் என்று தெரியாதவளல்ல அவள். பல் டொக்டரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஆனாலும் அந்த முகத்துக்காகத்தான் அப்பா அவளை அனுப்பினார், அதற்காகத்தான் அவர் சாகும்போது அவள் பக்கத்தில் இல்லாமல் போனாள். அவர் எரிய முதல் அதை அவருடைய கண்ணுக்கு முன் காட்டாவிட்டால் அந்தக் கடைசி மணித்தியாலத்துக்கு ஒரு பொருளும் இல்லை. போனை அணைத்து, தன்னுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிறு மத்தியானம், அப்பாவின் பெட்டியை வைத்திருந்த ஸ்காபரோ மலர்ச்சாலை நிரம்பி வழிந்தது. அங்கே வேலை செய்யும் கஸ்பர், கறுப்புக் கோட்டும் கையில் நேர அட்டவணையுமாய், சத்தமில்லாமல் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். தக்ஷிகா கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு போனை உயிர்ப்பித்தாள்.

36 மீற்றர்.

அணைத்து, பூட்டி வைத்த போன். இரண்டு நாளில் அது எண்பத்தைந்து மீற்றர் நடந்திருந்தது. அலுமாரிச் சாவி அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. திரையில் முகங்காட்டான் முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைச் சரித்தபடி, நின்ற இடத்தில் நின்றது. அவளுக்கு வந்தது பயம்தான், ஆனால் வேண்டாம் என்று ஓடுகிற பயமில்லை.

பெட்டியைச் சுற்றிவர எவ்வளவு தூரம் இருக்கும்? பன்னிரண்டு மீற்றர் வரும். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றுவது மூன்று தரம். கணக்கு முடிந்ததும் போனை அணைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு இராஜரட்ணத்திடம் போனாள்.

"அங்கிள், குடம் நான் தூக்கிறன்."

இராஜரட்ணம் திடுக்கிட்டுப் போனார். அப்பாவின் சகோதரனுடைய மகன், பெறாமகன் நிரூபன்தான் குடம் தூக்குவது என்று வியாழக்கிழமையே முடிவாகியிருந்தது. அன்றைக்கு அவளும் தலையாட்டினவள்தான்.

"பிள்ளை, உது பொம்பிளையள் செய்யிறேல்லை. ஐயர் என்ன சொல்லுவாரோ. சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும்."

"அவ செய்யட்டும் அங்கிள். ஐ'ம் ஓகே வித் இற்" என்றான் நிரூபன். வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் காலையிலிருந்து நின்றவனுக்கு அது பெரிய விடுதலை.

முன்வரிசையில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"அவள் தூக்கட்டும்" என்றாள்.

சனம் கதைக்கத்தான் செய்தது. இரண்டு அன்ரிமார் முகத்தைச் சுளித்தார்கள். பின்வரிசையில் இளம்பெண்கள் சிலர் பெருமையில் கண்ணைத் துடைத்தார்கள். தக்ஷிகாவுக்கு உரிமையும் தெரியாது, புரட்சியும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது முப்பத்தாறு மீற்றர்.

"தண்ணி அரைக்குடம் காணும். கீழ காபெற்" என்று சொல்லி, கஸ்பர் பெட்டியைச் சுற்றிவர பிளாஸ்ரிக் விரிப்பை விரித்தார். "மூண்டரைக்கு நான் பெட்டியை மூடவேணும், தங்கச்சி."

இடத்தோளில் குடம், வலக்கையில் திரும்ப உயிர்ப்பித்த போன், அதில் 36 அப்படியே நின்றது. வீடியோ எடுக்கிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஐயர் காட்டிய பக்கமாக இடஞ்சுழியாக நடந்தாள். அப்பா வெள்ளை வேட்டியில், கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தார். முதற் சுற்று முடிய ஐயர் கத்தியால் குடத்தைக் கொத்தினார். குளிர்ந்த தண்ணீர் தோளில் இறங்கியது. 24.

இரண்டாம் சுற்றில்தான் அவள் அதைக் கவனித்தாள். அவள் அடி வைக்க முதல், ஒரு அடி முன்னால், பிளாஸ்ரிக் விரிப்புச் சரசரத்தது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. அவள் நடந்தாள். முன்னால் சரசரப்பு நடந்தது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. விரிப்பில் தண்ணீர் மட்டும் கிடந்தது. 12.

மூன்றாம் சுற்றை மெதுவாக நடந்தாள். சரசரப்பும் மெதுவாகப் போனது. அப்பா எட்டு வருடமாக இப்படித்தான் போயிருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் போய்விட்டது. ஏழு, நான்கு, இரண்டு. தலைமாட்டடிக்கு வந்தபோது அவள் கையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"அப்பாக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ. குடத்தைப் பின்னால விட்டிட்டு நேர வெளியால போகவேணும். திரும்பிப் பாக்கக்கூடாது" என்றார் ஐயர்.

குடம் விழுந்து உடைந்தது. சனம் ஓவென்று அழுதது. தக்ஷிகா திரையைப் பார்த்தாள். பாசி பிடித்த அந்த முதுகு மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. ஒரு தோள் திரும்பியது, பிறகு ஒரு காதின் ஓரம் தெரிந்தது. இன்னும் ஒரு கணம் பார்த்தால் அவள்தான் பார்ப்பாள். அப்பா பார்க்கமாட்டார்.

அவள் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, போனைத் திருப்பிப் பிடித்து, கையைப் பின்பக்கமாக நீட்டினாள். பெட்டியின் விளிம்பு மணிக்கட்டில் தட்டியது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அப்பாவின் முகத்துக்கு நேரே இருக்கும் என்ற நம்பிக்கையில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யிறாய், பிள்ளை? நேர போ" என்றார் இராஜரட்ணம். கஸ்பர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

தோள்மூட்டு நோகத் தொடங்கியது. கண்ணைத் திறந்தபோது எதிரே அம்மா எழுந்து நின்றாள். அவள் மகளைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விழுந்த ஏதோ வெளிச்சம் கூடிக் குறைவது அவளுடைய ஈரக் கண்களில் தெரிந்தது. அவளுடைய வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு அந்த வெளிச்சம் அடங்கிவிட்டது.

"காணும், பிள்ளை" என்றாள் இராசமணி. "பாத்திட்டார்."

அவள் வந்து, விறைத்துப்போன அந்தக் கையை மெல்ல இறக்கினாள். போனைத் திரை தெரியாமல் தன் சேலைத் தலைப்பால் சுற்றி வாங்கிக்கொண்டாள். மற்றக் கையால் மகளின் நனைந்த தோளைப் பிடித்து வாசலை நோக்கி நடத்தினாள். பின்னால் மூடி இறங்கும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.