நெடுந்தீவுக்கு எண்பத்தொன்று

சறோஜினிதேவியின் கணினிக்கு ஊர்காவற்றுறைச் சனம் வைத்த பெயர் சாத்திரப்பெட்டி. அதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சமாதானக் காலத்தில் வந்த உதவித் திட்டமொன்றில் வேலை செய்த சட்டத்தரணி அவர். வரும் முறைப்பாடுகளில் எதை வழக்காக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சிபாரிசு செய்வது அவருடைய பொறுப்பு. ஆள் பார்த்து வழக்குப் போடுகிற பழக்கத்தை ஒழித்தே தீருவேன் என்று, தீவுகளின் பழைய வழக்குகளையெல்லாம் தானே இருந்து கணினிக்குள் ஏற்றியிருந்தார். புதிய முறைப்பாட்டின் விபரத்தைக் கொடுத்தால், ஆள் குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று அது சொல்லும்.

"இது சாத்திரமில்லை, கணக்கு" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். சரவணை ஊர்ச் சிவபாதம் முறைப்பாடு கொடுக்க வந்தபோது தன் சாதகத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

"கிடாய்க்குட்டிக்குச் சாதகம் எழுதேல்லைப் பிள்ளை. என்ரையை வைச்சுப் பாக்க ஏலாதோ?"

சங்கதி இதுதான். நெடுந்தீவு எமிலியானுஸ் சைக்கிளில் மீன் விற்க வந்து போன கையோடு கிடாய்க்குட்டியைக் காணவில்லை. சைக்கிளில் கட்டியிருந்த சாக்கு துடித்ததைச் சிவபாதம் தன் கண்ணால் கண்டாராம். சறோஜினிதேவி சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விபரங்களைத் தட்டினார். பெட்டி கொஞ்சம் யோசித்து எண்பத்தொன்று என்றது. சிவபாதம் அதைக் கும்பிட்டே விட்டார்.

அடுத்த கிழமை எமிலியானுஸை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக் கடற்படைப் பாஸ் வேண்டிய காலம் அது. களவு வழக்கில் தண்டம் கட்டினவருக்குப் பாஸ் கிடையாது என்பது சறோஜினிதேவிக்குத் தெரியும். எமிலியானுசுக்குத் தெரியாது. கதிரை காட்டியும் இருக்காமல், யன்னலால் பஸ் வருகிறதா என்று எட்டியெட்டிப் பார்த்தபடி நின்றார்.

"மிஸ், நான் ஆட்டைக் கண்ணாலையும் காணேல்லை. எண்டாலும் எடுத்தனான் எண்டே எழுதுங்கோ. இந்த பஸ்ஸை விட்டா வள்ளம் இல்லை."

"எடுக்காததை ஏன் எடுத்தனான் எண்டுறீர்?"

"இல்லையெண்டு சொன்னா தவணைக்கு மேலை தவணை போடுவினம். இந்தக் காத்துக்குள்ளை ஒவ்வொருக்காலும் கடல் தாண்டி வர ஏலுமே? ஒத்துக்கொண்டால் ஒரே நாளிலை அலுவல் முடிஞ்சிடும். எங்கடை ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான்."

"எல்லாருமோ?" என்றார் சறோஜினிதேவி. பெட்டிப் பக்கம் திரும்பினார். அதே மனிதர், அதே சாக்கு, அதே ஆடு. ஊரை மட்டும் சரவணை என்று மாற்றினார். பத்தொன்பது என்றது பெட்டி. நெடுந்தீவார் இத்தனை பேரும் ஆடு களவெடுக்கவில்லை, வள்ளம் பிடிக்கத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்! அந்த அவசரத்தையெல்லாம் களவென்று அதற்குப் படிப்பித்தது வேறு யாருமில்லை, அவரேதான்.

"எமிலியானுஸ், ஒத்துக்கொண்டால் பாஸ் போகும். தெரியுமோ?"

எமிலியானுசின் முகம் செத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து பஸ் வந்து கோர்ன் அடித்தது. அவருடைய கால் தன்பாட்டில் வாசலுக்குப் போய், பிறகு திரும்பி வந்தது.

சறோஜினிதேவி போனை எடுத்து, நெடுந்தீவு வள்ளம் புறப்படும் குறிகட்டுவான் துறைக்கு அடித்தார். வள்ளக்காரரோடு கொஞ்சம் கெஞ்சினார். கெஞ்சல் சரிவராமல் போகவே ஏசினார். பிறகு திட்டத்து ஜீப்புக்காரரைக் கூப்பிட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணச் சொன்னார்.

"வள்ளம் நிக்கும். நான் ஜீப்பிலை கொண்டுவந்து விடுறன். இரும். இப்ப சொல்லும், ஆடு எடுத்தனீரோ?"

எமிலியானுஸ் கதிரையில் இருந்தார்.

"இல்லை மிஸ். சாக்குக்குள்ளை கிடந்தது நண்டு." இன்னொருதரம் அவசரமில்லாமல் சொன்னார். "நான் எடுக்கேல்லை."

சாக்கு துடித்ததைத் தவிர வேறு சாட்சி இல்லை. வழக்கு வேண்டாம் என்று சறோஜினிதேவி எழுதிக் கையெழுத்து வைத்தார். நெடுந்தீவாரை இனி வள்ள நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவது, விசாரணைக்கு நில்லாமல் ஒப்புக்கொண்ட வழக்கெல்லாம் பெட்டியை விட்டு வெளியே என்றும் முடிவெடுத்தார். சிவபாதம் வந்து கத்தப்போகிறார், கத்தட்டும்.

எமிலியானுஸ் எழும்பவில்லை.

"என்னைப் பெத்த ஐயாவும் இப்பிடித்தான் மிஸ் ஒத்துக்கொண்டவர். வேலணையிலை ஆரோ தேங்காய் பிடுங்கினதுக்கு. செத்து இவ்வளவு காலம், இண்டைக்கும் அவர் தேங்காய்க் கள்ளன்தான்."

"பேர்?"

"சவிரிமுத்து."

ஜீப் வெளியே உறுமிக்கொண்டு நின்றது. சறோஜினிதேவி பெட்டிக்குள் தேடி, அந்தத் தேங்காய் வழக்கை முதலில் அழித்தார்.