ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன்

அவன் கொன்றானா இல்லையா என்று நேற்று ஒரே நாளில் அறுநூற்றுச் சொச்சம் பேர் கருத்து எழுதியிருந்தார்கள். கதையை எழுதுகிறவள் நான். எனக்கே தெரியாது.

தினமும் போனில் வரும் தொடர்கதை. 'பனிநாரை' என்பது என் புனைபெயர். மனைவியை இழந்த ஒருவனை நாயகி காதலிக்கிறாள். அவன் மனைவி மலையேறும்போது விழுந்து செத்தவள். அவள் முன்னால் நடந்தாளாம், இவன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தானாம், நிமிர்ந்தபோது பாதையில் ஆளே இல்லையாம். எழுபது அத்தியாயமாக ஜனங்கள் அந்த லேஸைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

"லேஸ் கட்ட எவ்வளவு நேரம்டா ஆகும்? தள்ளிவிட்டுட்டு அப்புறம் குனிஞ்சிருக்கான்." இதற்கு இரண்டாயிரம் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

"இவ்வளவு அழகா அழற ஆம்பளை கொலைகாரனா இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

"தண்ணியே இல்லாம அஞ்சு சர்க்கரைவள்ளிக்கிழங்கு தின்ன மாதிரி நெஞ்சை அடைக்குது. சீக்கிரம் சொல்லித் தொலைங்க."

"நாயகிக்கு மூளையே கிடையாதா? அவன்கிட்ட நேரா கேட்டா முடிஞ்சுது."

இந்தக் கடைசி ஆள் மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கேட்பதாம்! இவர் வீட்டில் கேட்டுப் பார்த்திருப்பாரா?

ஏனென்றால் அவன் நிஜத்தில் இருக்கிறான். எங்கள் குடியிருப்புக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் பியோ கிதே. இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் குடி வந்தவர். மனைவி நோயில் போனாள் என்று இங்கே பேச்சு, அவரும் திருத்தவில்லை. ஆகஸ்டில் ஒரு மத்தியானம், ஐஸ் மிதக்கும் நூடுல்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து, மலையையும் லேஸையும் என்னிடம் மட்டும் சொன்னார். போன வாரம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசானிலிருந்து அவர் அக்கா வருகிறாள். அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு நாற்பத்தேழு வயது. முதல் புருஷனை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினேன். அவன் மணி என்ன என்று கேட்டால்கூடப் பொய் சொல்கிறவன் என்று தெரியப் பதினோரு வருஷம் ஆயிற்று. இந்த மனுஷரை எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. பிடித்துப்போனதுதான் பயமாக இருந்தது. அதனால் அவரிடம் கேட்க வேண்டியதை அக்டோபரிலிருந்து ஊராரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் சரிபாதியாகப் பிரிந்து நின்றது.

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். கீழ்த்தளத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, உப்பில் ஊறிய கோஸை மலைபோலக் குவித்து, ஏழெட்டுப் பேர் சிவப்பு ரப்பர் கையுறையோடு சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் ஏதோ இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கிறவள் என்று இவர்களுக்கு நினைப்பு.

"எழுபதாவது படிச்சீங்களா?" என்று ஹாரின் அம்மா ஆரம்பித்தாள். "நான் அப்பவே சொன்னேன், அவன் முழியே சரியில்லன்னு."

"கதையில உனக்கு எங்கேடி முழி தெரிஞ்சுது?" என்றாள் மாதர் சங்கத் தலைவி அக்கா. "பாவம் அந்த மனுஷன், பொண்டாட்டி போன துக்கத்துல பத்து கிலோ இளைச்சுட்டான்."

"அது பயத்துல இளைச்சது அக்கா. துக்கத்துல யாராவது இளைப்பாங்களா? எங்க மாமனார் போனப்ப எங்க வீட்டுக்காரர் நாலு கிலோ ஏறினார்."

"உன் வீட்டுக்காரர் எதுக்குத்தான் ஏறல? ஓக்ஜின், நீ சொல்லு. நீதான் எல்லாம் படிக்கிறவ."

"எனக்குத் தெரியல அக்கா" என்றேன்.

அது சத்தியம். தலைவி அக்கா பேசும்போது பியோ நல்லவராகத் தெரிந்தார், ஹாரின் அம்மா வாயைத் திறந்ததும் தள்ளிவிட்டவராகத் தெரிந்தார். மிளகாய் விழுது தடவி முடித்த கோஸுக்கே மறுபடி தடவிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பக்கத்திலிருந்தவள் அதைப் பிடுங்கி வைத்தபோதுதான் கவனித்தேன்.

அப்போது பார்த்து அவர் வந்தார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முதுகுவலிக்கு ஒட்டுகிற பட்டைகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

"பியோ சார், நல்ல நேரத்துல வந்தீங்க!" ஹாரின் அம்மா விடவில்லை. "ஒரு ஆம்பளையா நீங்க சொல்லுங்க. மலையில பொண்டாட்டி முன்னாடி போறா. இவன் லேஸ் கட்டக் குனியறான். நிமிர்ந்தா அவ இல்ல. நம்பற மாதிரியா இருக்கு?"

என் கை கோஸுக்குள் அப்படியே நின்றது.

"எதுல வந்திருக்கு?" என்று கேட்டார். அவள் முழங்கையால் போனைத் தள்ளினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே படித்தார். கதையை மட்டுமல்ல, அதன் கீழே இருந்த கருத்துகளையும் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"முடிச்சு இறுகியிருந்தா நேரமாகும்" என்றார். போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"பாத்தியா, ஆம்பளைங்க எல்லாம் ஒரே கட்சி" என்று ஹாரின் அம்மா சிரித்தாள்.

நான் எழுந்து பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆகஸ்ட்ல சொன்னேன். அக்டோபர்ல வந்திருக்கு" என்றார்.

"பேரை மாத்திட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லத் தோன்றியது. வெட்கக்கேடு.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேக்கறது?"

"இப்பக் கேளுங்க."

கையுறையில் ஒட்டியிருந்த மிளகாய் விழுதை வழித்துக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். பிறகு, "சரி, நானே கேக்கறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க? நான் தள்ளிவிட்டேனா?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வாசகர்கள்ல பாதிப்பேர்..." என்று வந்தது.

முழுசாகச் சொல்லட்டும் என்பதுபோல் நின்று கேட்டார். சொல்வதற்கு மேலே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அக்காவை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று சாலையைக் கடந்து போனார்.

அவர் முதுகைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மனுஷர் யாரையும் தள்ளிவிடவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு சான்றும் கிடையாது. கதையில் இப்படி எழுதினால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எழுபது அத்தியாயமாக மண்டைக்குள் இரைந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. இவ்வளவு காலம் எதற்காக அத்தனை பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன் என்றே புரியவில்லை. சிக்னலைக்கூடப் பார்க்காமல் ஓடினேன். ஒரு பஸ்காரர் திட்டினார்.

கடைக்குள் நாலு பேர் வரிசையில் இருந்தார்கள். அவர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மூச்சு வாங்க, இருந்த குரலையெல்லாம் திரட்டிச் சொன்னேன்:

"நீங்க தள்ளிவிடல! உங்க பொண்டாட்டியை நீங்க கொல்லல! எனக்குத் தெரியும்!"

இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக அவரைப் பார்த்தார். கைக்குழந்தையோடு முதலில் நின்றிருந்த பெண், கவுண்டரில் வைத்த மருந்துச் சீட்டை விரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றார் அவர்.

ஒருத்தரும் நகரவில்லை.