தொரை பங்களாவில் பிளாஸ்டிக் புல்

லாரியிலிருந்து நாலு பேர் சேர்ந்து இறக்கிய சுருளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே புல். மேலே பச்சைப் பசேல் என்று புல், அடியில் கறுப்பாக ரப்பர். வீரபாண்டி ஓர் இழையைக் கிள்ளி மோந்து பார்த்தான். புது மழைக்கோட்டு வாடை அடித்தது. பீர்மேட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மேனேஜரான பெரியதொரையின் பங்களாத் தோட்டக்காரன் அவன். வருஷக்கணக்காகப் புல் வளர்க்கிறவன். புல்லைப் பாய் மாதிரி சுருட்டி லாரியில் அனுப்புவார்கள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

"தொரையோட மச்சான் அமெரிக்காவுல இருந்து கப்பல்ல அனுப்புனது. பிளாஸ்டிக்கு," என்றார் ஏசுதாஸ். அவர் ஆபீஸ் கிளார்க். தொரை இங்கிலீஷில் சொல்வதைத் தொழிலாளிகளுக்குத் தமிழில் சொல்கிறவர். "பங்களாவுக்குப் பின்னால விரிக்கணும். தொரை குச்சியால பந்தைத் தட்டிக் குழிக்குள்ள விழ வைப்பாரு."

"அதுக்கு நம்ம புல்லு போதாதாய்யா?"

"நம்ம புல்லுல பந்து தத்தித் தத்திப் போகுதாம். இது ஒரே மட்டமா இருக்கும். வெட்டவும் வேண்டாம், எரு வைக்கவும் வேண்டாம்."

வீரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அப்படியென்றால் தோட்டக்காரன் எதற்கு?

ஏசுதாஸ் அதற்கும் பதில் வைத்திருந்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "பூச்செடியைச் சமையல்காரரு சோலை பாத்துக்குவாரு. இதை விரிச்சு முடிச்சதும் நீ நாலாம் நம்பர் காட்டுக்குப் போயிரணுமாம்."

நாலாம் நம்பர் காடு செங்குத்தான தேயிலைச் சரிவு. பூச்சிமருந்து அடிக்கிற டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு அங்கே வழுக்கி விழுந்ததில்தான் வீரபாண்டியின் முழங்கால் போயிற்று. அதன் பிறகுதான் பங்களா வேலை கொடுத்தார்கள். மறுபடி அங்கே ஏறச் சொன்னால் ஒரு வாரம் தாங்க மாட்டான். பெண்டாட்டி சின்னத்தாய் ஒருத்தி கொழுந்து கிள்ளி மூன்று பிள்ளைகளைக் காப்பாற்ற முடியுமா? ஆக, தன் பிழைப்பைக் கெடுக்கிற பாயைத் தன் கையாலேயே விரிக்க வேண்டும். நல்ல கூத்து!

பழைய புல்லைச் சுரண்டிவிட்டு மணல் போடு என்பது உத்தரவு. வீரபாண்டி மண்வெட்டியை எடுத்தான். அந்த மலையில் களை கொத்துகிறவர்கள் கொத்திய களையை வெளியே கொண்டுபோய்க் கொட்ட மாட்டார்கள். கூடவே மண்ணும் போய்விடும். வேர் மேலாகப் புரட்டி அங்கேயே புதைப்பார்கள். மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நின்று பெரியதொரையே இதைத் தொண்டை கிழியக் கத்துவார். அருகம்புல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. வீரபாண்டி அவற்றைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டான், மேலே மணலைக் கொட்டினான், உருளையை இழுத்தான். பாயை இரண்டு துண்டாக விரித்து, ஓரமெல்லாம் நீள ஆணி அடித்தான். பால்மாவு டின் ஒன்றைப் பதித்ததும் குழியும் ஆயிற்று.

புதைத்த அருகு மறுபடி முளைக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியாமல் என்ன. புரட்டிப் போடும்போது அது நினைவில் இருந்ததா? அங்கேதான் அவனுக்குக் குழப்பம். கை பாட்டுக்குச் செய்தது. மனசு அப்போது எங்கே இருந்தது என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

பக்கத்துத் தோட்டத்துத் தொரைமார்களை விருந்துக்கு அழைத்து, புல்லைக் காட்ட வேண்டும். அதுவரை நீ இரு என்று தொரை சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து, விருந்தன்று தொரை குனிந்து, கண்ணைச் சுருக்கி, பந்தைத் தட்டினார். பந்து நேராகப் போய், ஒரு மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, குழியைச் சுற்றிக்கொண்டு சோலை பலகாரம் அடுக்கியிருந்த மேசைக்கடியில் போய் நின்றது. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொரை மண்டியிட்டு, இரண்டு துண்டும் சேருகிற இடத்தை விலக்கிப் பார்த்தார். அருகம்புல் எட்டிப் பார்த்தது.

வீரபாண்டியைக் கூப்பிட்டார்கள். தொரை கேட்டார், ஏசுதாஸ் தமிழில் சொன்னார். "தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

தெரிந்துதான் என்றால் இன்றே வெளியே. தெரியாமல் என்றால், அருகு முளைக்கும் என்று தெரியாதவன் என்ன தோட்டக்காரன்? ஆனால் வீரபாண்டி பதிலுக்குத் தடுமாறியது அதனால் அல்ல. உண்மையிலேயே அவனுக்கு விடை தெரியவில்லை.

"வெளங்கலய்யா," என்றான். "களையை வெளிய கொட்டாத, புரட்டிப் பொதைன்னு தொரைதான வருஷா வருஷம் சொல்லுவாக. கை அப்பிடியே செஞ்சிருச்சு. வேணும்னு செஞ்சனா என்னன்னு எனக்கே வெளங்கல."

ஏசுதாஸ் இதை இங்கிலீஷில் சொல்லி முடிக்கவும் விருந்தாளிகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். தொரையின் காது சிவந்தது. அடியில் இருக்கும் அருகைத் தோண்டி எடுக்கலாம் என்றால், ஆணியைப் பிடுங்கினால் பாய் கிழியும். கடைசியில் எரிச்சலோடு ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மொளைக்க மொளைக்கப் பிடுங்கணுமாம்," என்றார் ஏசுதாஸ். "மொளைக்கிற வரைக்கும் நீ இங்க. மொளைக்கிறது நின்னா நாலாம் நம்பரு."

தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீட்டில் சின்னத்தாய் வாசலிலேயே நின்றாள். "வேலை இருக்கா, இல்லையாங்க?"

"இருக்கு. புல்லு பிடுங்குற வேலை."

"மாரியாத்தா!" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வீரபாண்டிக்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று புரியவில்லை. வளர்த்த கையால் பிடுங்குவது அவனுக்கு வலித்தது. ஆனாலும் காலையில் போய் உட்கார்ந்தான். எது புல், எது பிளாஸ்டிக் என்று கண்ணுக்குத் தெரியாது. தடவிப் பார்த்து, இழுத்து, வந்ததைப் பிடுங்கினான்.

மாசி பிறந்ததும் மழை சுத்தமாக நின்றுபோயிற்று. கூடை நிறைய வந்த அருகு ஒரு பிடிக்கு வந்தது. பிறகு நாலு இழையானது. ஒருநாள் தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றுகூட அகப்படவில்லை.

தொரை ஆபீசுக்குக் கிளம்பி ஜீப் சத்தம் தேய்ந்ததும் எழுந்தான். குழாயடியில் வாளியை நிரப்பினான். காலை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு துண்டும் சேருகிற இடத்தில், கோட்டோடு கோடாக, ஒரு சொட்டும் வீணாகாமல் ஊற்றினான்.

இந்தத் தடவை தெரிந்து செய்தாயா என்று யாராவது கேட்டிருந்தால், அவனிடம் பதில் இருந்தது.